போனில் இடம் காட்டும் நீலப் புள்ளி: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன் திருத்தும் கடையிலும் ஓட்டோத் தரிப்பிடத்திலும் படகுத்துறையிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். எளியவை முன்னுக்கும் சிக்கலானவை பின்னுக்கும் உள்ளன. முன்னர் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறித்திருக்கிறோம். அன்ட்ரொயிட் போன்களில் மெனுப் பெயர்கள் கொம்பனிக்குக் கொம்பனி கொஞ்சம் மாறும்.

1. ஜிபிஎஸ் எண்டா என்ன? சற்றலைட் எங்களைப் பாத்துக்கொண்டே இருக்குதோ?

இல்லை. கோயில் மணி அடித்தால் ஊருக்கே கேட்கும். யார் யார் கேட்டார்கள் என்று மணிக்குத் தெரியாது. ஜிபிஎஸ் செய்மதிகளும் அப்படித்தான். ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, "இப்போது நேரம் இது, நான் இருக்கும் இடம் இது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. போன் அதைக் கேட்கிறது, அவ்வளவுதான். திருப்பி ஒன்றும் அனுப்புவதில்லை.

அந்த அலை தரைக்கு வர ஒரு செக்கனின் 100இல் 7 பங்கு அளவு நேரம் பிடிக்கும். எவ்வளவு பிந்தி வந்தது என்பதிலிருந்து போன் தூரத்தைக் கணக்கிடும். இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று செய்மதிகளின் தூரம் போதும். ஆனால் போனுக்குள் இருப்பது மலிவான கடிகாரம். அது ஒரு செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீற்றர் தவறிவிடும். அந்தக் கடிகாரப் பிழையைக் கண்டுபிடித்துக் கழிக்கத்தான் நான்காவது செய்மதி. இன்றைய போன்கள் அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளொனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கின்றன. அதனால் திறந்த வெளியில் நான்குக்குப் பதில் இருபது, முப்பது செய்மதிகள்கூடக் கிடைக்கும்.

2. நீலப் புள்ளியைச் சுத்தி ஒரு வட்டம் வருதே, அது என்னத்துக்கு?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள். "எனக்கு இவ்வளவு தூரம் பிழைக்கலாம்" என்று போனே ஒத்துக்கொள்வதுதான் அந்த வட்டம். அன்ட்ரொயிட்டில் அதன் கணக்கு 68 சதவீதம். அதாவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு தடவைதான் நீங்கள் வட்டத்துக்குள் இருப்பீர்கள். மூன்றில் ஒரு தடவை வெளியே நிற்பீர்கள். போன் பழுதில்லாமலே அப்படி வரும்.

புள்ளி ஒன்றாகத் தெரிந்தாலும் அதற்குள் நான்கு பேரின் கதை கலந்திருக்கிறது: செய்மதி, சுற்றியுள்ள வைஃபை ரவுட்டர்கள், தொலைபேசிக் கோபுரங்கள், போனுக்குள் இருக்கும் அசைவு உணரிகள். வட்டம் 5 மீற்றர் அளவில் சின்னதாக இருந்தால் செய்மதி பேசுகிறது. ஒரு வளவு அளவில் இருந்தால் பெரும்பாலும் வைஃபை. ஊரையே மூடினால் கோபுரம் மட்டும்தான். இடம் பிழைத்தால் இந்த நால்வரில் பொய் சொல்வது யார் என்று முதலில் பாருங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்தத் தேடல்தான்.

3. டேற்றா முடிஞ்சா ஜிபிஎஸ் வேலை செய்யுமோ? சிம்மே இல்லாட்டி?

இரண்டும் இல்லாமலும் வேலை செய்யும். ஃபிளைற் மோட்டிலும் செய்யும். டேற்றா தேவைப்படுவது வரைபடத்துக்கு. கூகிள் மப்ஸில் மேலே உள்ள உங்கள் படத்தைத் தட்டி, ஓஃப்லைன் மப்ஸ் என்பதற்குள் போய், வடமாகாணத்தைச் சட்டத்துக்குள் வரும்படி இழுத்து, வீட்டு வைஃபையில் இறக்கி வையுங்கள். வைஃபை மட்டும் உள்ள ஐபேட்டுகளில் ஜிபிஎஸ் சில்லே கிடையாது. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

டேற்றா இல்லாவிட்டால் முதற்புள்ளி வரப் பிந்தும். செய்மதி தன் விவரங்களைச் செக்கனுக்கு 50 பிற் என்ற ஆமை வேகத்தில் அனுப்புகிறது. ஒரு செய்மதி தன் துல்லியமான பாதையைச் சொல்லி முடிக்க 30 செக்கன். எல்லாச் செய்மதிகளின் பருமட்டான அட்டவணை முழுவதும் வந்து சேர 12.5 நிமிடம். டேற்றா இருந்தால் இதையெல்லாம் போன் இணையத்தில் இறக்கிவிடும். அதனால்தான் ரவுணுக்குள் இரண்டு செக்கனில் வரும் புள்ளி, சிக்னல் இல்லாத இடத்தில் நிமிடக்கணக்கில் காக்க வைக்கிறது.

4. நெடுந்தீவுக்குப் போகேக்க நடுக்கடலில லொக்கேஷன் வரமாட்டனெண்டு நிக்குது.

குறிகட்டுவானில் படகு ஏற முன்னமே, சிக்னல் இருக்கும்போதே, மப்ஸைத் திறந்து வட்டம் சுருங்கும்வரை பொறுங்கள். அப்போது இறங்கிய பாதை விவரம் இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் வரை உதவும். போய்ச் சேர அது தாராளம்.

மறந்துவிட்டீர்களா? படகின் கீழ்த்தட்டில் இருந்து தேடி வேலையில்லை. வானம் தெரியும் இடத்துக்கு வந்து, போனைக் கையில் அசையாமல் பிடியுங்கள். 30 செக்கன் செய்தியில் இடையே அலை அறுந்தால், விட்ட பகுதி திரும்ப வரும்வரை போன் காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் லொக்கேஷனை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுபவர்களுக்குத்தான் கடைசிவரை வராது.

5. அப்ப கடற்றொழிலுக்குப் போனே காணுந்தானே?

காணாது. இடத்தைச் சரியாகச் சொல்லும், ஆனால் ஈரக் கையில் திரை கேளாது, வெயிலில் தெரியாது, சூடேறினால் தானே நின்றுவிடும். கடல் எல்லை இன்னொரு விடயம். பாக்குநீரிணையில் 1974 ஒப்பந்தம் வகுத்த எல்லைக்கோட்டைப் போனின் சாதாரண வீதி வரைபடத்தை நம்பி அறிய முடியாது. படகுக்கென்று விற்கும் ஜிபிஎஸ்ஸில் எல்லைப் புள்ளிகளைப் பதிந்து எச்சரிக்கை ஒலி வைக்கலாம். போன் இரண்டாவது துணையாக இருக்கட்டும், தண்ணீர் புகாத பையில்.

6. லொக்கேஷன் பாக்க ஏன் வைஃபையை ஓனில வைக்கச் சொல்லுது?

ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனி அடையாள எண் உண்டு. எந்த எண் எங்கே கேட்டது என்று கூகிளும் அப்பிளும் பெரிய பட்டியல் வைத்திருக்கின்றன. போன் அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் எண்களைக் கேட்டு அந்தப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. இணைய வேண்டியதில்லை, கடவுச்சொல்லும் தேவையில்லை. கூரைக்குக் கீழே செய்மதி எட்டாதபோது உங்களைக் காப்பாற்றுவது இதுதான்.

7. கொக்குவிலில இருந்து சுன்னாகத்துக்கு வீடு மாறி ஒரு மாசம். வீட்டுக்குள்ள வந்தாப் போன் இன்னும் கொக்குவிலைத்தான் காட்டுது. வெளியில போனாச் சரி.

பொய் சொல்வது உங்கள் ரவுட்டர். நீங்கள் மாறியபோது அதையும் கழற்றிக் கொண்டு வந்திருக்கிறீர்கள். பட்டியலில் அது இன்னும் கொக்குவிலில்தான் இருக்கிறது. சுற்றிவர வேறு ரவுட்டர் இல்லாத பெரிய வளவென்றால், போனுக்கு அதை மறுத்துச் சொல்ல ஆளில்லை.

லொக்கேஷனை ஓனில் வைத்துக்கொண்டு, ரவுட்டரின் அலை எட்டும் முற்றத்தில் வானம் தெரிய நின்று மப்ஸை அடிக்கடி பாவியுங்கள். செய்மதி சொல்லும் இடமும் ரவுட்டரும் சேர்ந்து பதிவாகிப் பட்டியல் மெல்ல மெல்லத் திருந்தும். நாட்கணக்கிலும் ஆகலாம், வாரக்கணக்கிலும் ஆகலாம். அதுவரைக்கும் அவசரமென்றால் அன்ட்ரொயிட்டில் செற்றிங்ஸ், லொக்கேஷன், லொக்கேஷன் சேர்விசஸ், அதற்குள் லொக்கேஷன் அக்குரசி என்பதை ஓஃப் பண்ணுங்கள். போன் செய்மதியை மட்டும் நம்பும். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப ஓன் பண்ணவும். இதை ஓஃப் பண்ணி மறந்துபோய், பிறகு 10ஆம் கேள்வியோடு வருபவர்கள் ஏராளம்.

8. கொம்பியூட்டரில வெப்சைற் எல்லாம் நான் கொழும்பில இருக்கிறன் எண்டுது.

அங்கே ஜிபிஎஸ்ஸே இல்லை. இணைய முகவரி எண்ணை வைத்து ஊகிக்கிறார்கள். அந்த எண் இணைய நிறுவனத்தின் பெயரில், பெரும்பாலும் கொழும்பு என்றே பதிவாகியிருக்கும். உங்கள் பக்கத்தில் திருத்த ஒன்றுமில்லை.

9. மப்ஸில சரியாக் காட்டுது, வேற ஒரு அப்பில மட்டும் அடுத்த ஊரில நிக்கிறன்.

அந்தச் செயலிக்குத் துல்லியமான இடத்தைப் பார்க்க நீங்கள் அனுமதி கொடுக்கவில்லை. அன்ட்ரொயிட் 12இலிருந்தும் ஐபோனில் ஐஓஎஸ் 14இலிருந்தும், "துல்லியம்", "பருமட்டு" என்று இரண்டு அனுமதிகள் உண்டு. பருமட்டு என்றால் அன்ட்ரொயிட் ஏறத்தாழ 3 சதுர கிலோமீற்றருக்குள் ஓரிடத்தையே கொடுக்கும். திருநெல்வேலியில் நிற்பவரை நல்லூரில் காட்ட அது போதும். அன்ட்ரொயிட்டில் செயலியின் ஐகனை அழுத்திப் பிடித்து, அப் இன்ஃபோ, பெர்மிஷன்ஸ், லொக்கேஷன் என்று போனால் "பிறிசைஸ் லொக்கேஷன்" சுவிச் இருக்கும். ஐபோனில் செற்றிங்ஸ், பிறைவசி, லொக்கேஷன் சேர்விசஸ், பிறகு அந்தச் செயலி.

காலநிலை பார்க்கும் செயலிக்குப் பருமட்டே போதும். ஓட்டோ கூப்பிடும் செயலிக்குத்தான் துல்லியம் வேணும்.

10. வீட்டுக்குள்ள புள்ளி வராது, முத்தத்துக்கு வந்தா வருது. போன் பழுதோ?

போன் நல்லாயிருக்கிறது, கூரைதான் மறைக்கிறது. கிடுகுக் கூரைக்குக் கீழே அலை பெரிதாகக் குறையாது. ஓட்டுக்குக் கீழே கொஞ்சம் குறையும். கம்பி போட்ட கொங்கிறீற் பிளாற்றுக்குக் கீழே மிகவும் குறையும். தகரக் கூரை ஏறத்தாழ முழுதாக மறைக்கும். ஜன்னலோரம் கிடைத்தால் அது அரைவாசி வானத்தை மட்டும் பார்த்த கணக்கு, அதனால் வட்டம் பெரிதாகத்தான் இருக்கும். உள்ளே இடம் தெரிய வேண்டுமென்றால் 6ஆம் பதிலில் சொன்ன வைஃபை வழிதான்.

11. நடக்கிற தூரம் அளக்கிற அப், போனைப் பொக்கெற்றில போட்டாப் பாதியில நிண்டுபோகுது.

பற்றரி சேமிப்புத்தான் காரணம். திரை அணைந்ததும் பின்னணியில் ஓடும் செயலியைப் போன் உறங்க வைக்கிறது. வரைபடத்தில் அது நீண்ட நேர்க்கோடாகத் தெரியும்: கோட்டையடியில் கடைசிப் புள்ளி, ஆரியகுளத்தில் அடுத்த புள்ளி, நடுவே கட்டடங்களுக்கு மேலால் ஒரு கோடு.

மூன்று இடத்தில் மாற்ற வேண்டும். செயலியின் பற்றரிப் பகுதியில் "அன்றெஸ்ரிக்ரெட்" என்று வையுங்கள். லொக்கேஷன் அனுமதியில் "எப்போதும்" என்ற தெரிவு இருந்தால் அதைக் கொடுங்கள். போன் முழுவதற்குமான பற்றரி சேவரை ஓஃப் பண்ணுங்கள். சில கொம்பனிகளின் போன்களில் "ஓட்டோ ஸ்ராட்" என்று நான்காவது பூட்டும் உண்டு.

12. போன் களவு போச்சு, ஓஃப் பண்ணிப்போட்டாங்கள். ஜிபிஎஸ்ஸால பிடிக்கலாமோ?

1ஆம் பதிலை நினையுங்கள்: செய்மதிக்கு உங்கள் போனைத் தெரியாது. போன்தான் தன் இடத்தைக் கண்டறிந்து இணையம் வழியாகச் சொல்ல வேண்டும். போன் அணைந்திருந்தால் கூகிளின் "ஃபைன்ட்" சேவை கடைசியாகத் தெரிந்த இடத்தையும் நேரத்தையும் காட்டும். புதிய ஐபோன்களும் சில புதிய அன்ட்ரொயிட்களும் அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் புளூரூத்தில் முனகும். பக்கத்தில் போகும் பிற போன்கள் அதைக் கேட்டுச் சொல்லலாம். வேறொரு போனிலிருந்து உங்கள் கணக்குக்குள் நுழைந்து உடனே பூட்டுங்கள், பிறகு போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணோடு பொலிசுக்குப் போங்கள். அந்த எண் பெட்டியில் அச்சிட்டிருக்கும். இன்றே ஒரு படம் எடுத்து வையுங்கள்.

13. புள்ளி சரி, ஆனா அம்பு பின்பக்கமாக் காட்டுது.

அம்பின் திசை போனுக்குள் இருக்கும் காந்த உணரியின் வேலை. செய்மதிக்கு அதில் பங்கில்லை. முதலில் கவரைக் கழற்றுங்கள், காந்தப் பூட்டு வைத்த பேர்ஸ் மாதிரிக் கவர்தான் வழமையான குற்றவாளி. மோட்டார் சைக்கிளில் காந்தத்தால் ஒட்டும் தாங்கியும் அப்படியே. பிறகு போனைக் கையில் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி, காற்றில் 8 போடுங்கள், மூன்று நான்கு தடவை. இரும்புக் கேற்றுக்கும் வாகனத்துக்கும் தள்ளி நின்று செய்யவேண்டும்.

நடந்தாலோ ஓடினாலோ அம்பு தானாகத் திருந்துவதைக் கவனித்திருப்பீர்கள். அசையும்போது புள்ளிகள் போகும் போக்கிலிருந்து திசை கிடைத்துவிடுகிறது.

14. கஸ்தூரியார் வீதிக்குள்ள நிக்கிறன், புள்ளி பக்கத்துத் தெருவுக்கும் இங்கைக்கும் துள்ளுது.

இரு பக்கமும் மாடிக்கட்டடம். அலை நேரே வராமல் எதிர்ச்சுவரில் பட்டுத் தெறித்து வருகிறது. தெறித்த பாதை நீளம் கூட, அதனால் போன் தூரத்தைக் கூட்டிக் கணக்கிடுகிறது. அதே போனைப் பண்ணைப் பாலத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். வானம் நாலு பக்கமும் திறந்து கிடக்கிறது, புள்ளி அசையாது.

இதில் காசு கொடுத்துக் குறைக்கக்கூடிய ஒன்று உண்டு. எல் 1 என்ற 1575.42 மெகாஹேட்ஸ் அலையோடு எல் 5 என்ற 1176.45 மெகாஹேட்ஸ் அலையையும் கேட்கும் இரட்டை அலைவரிசைப் போன்கள், தெறிப்பை நன்றாகப் பிரித்தறியும். வாடகை வாகனம் ஓடுபவர் போன் வாங்கும்போது கமராவைப் பார்க்க முன் இதைப் பார்க்கலாம்.

15. சில நாள் இரவு ஏழு எட்டு மணிக்கு, வெறும் வயலுக்குள்ள நிண்டாலும் துள்ளுது. பகலில சரி.

கண்டுபிடித்துவிட்டீர்கள், இது எங்கள் பிராந்தியத்துக்கு உரிய குணம். பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963இல் இந்தியா கேரளத்தின் தும்பாவில் ரொக்கெற் ஏவத் தொடங்கியதும் அதற்காகத்தான். அந்தக் கோட்டை ஒட்டிய வானில், பொழுதுபட்ட பிறகு, மேல் வளிமண்டலத்தின் மின்னேறிய அடுக்கில் குமிழ்கள் போலக் குழப்பம் எழும். அதனூடாக வரும் அலை மினுங்கும், சில வேளை அறுந்தும் போகும். மார்ச், செப்ரெம்பரை ஒட்டிய மாதங்களிலும் சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளிலும் இது கூடுதலாக இருக்கும். போனைக் குறை சொல்லாதீர்கள். ஒன்றிரண்டு மணித்தியாலம் விட்டுப் பாருங்கள்.

16. புள்ளியும் சரி, அம்பும் சரி. ஆனா முள்ளுக்கம்பி வேலிக்குள்ளால போகச் சொல்லுது.

அது வரைபடத்தின் பிழை. ஒழுங்கை என்று யாரோ கீறியது ஒரு பனங்காணியின் நடைபாதையாக இருந்திருக்கும், இப்போது வேலி அடைத்திருப்பார்கள். லொக்கேஷன் செற்றிங்ஸை நோண்டி இதைத் திருத்த முடியாது. கூகிள் மப்ஸில் "சஜெஸ்ற் அன் எடிற்" மூலம் அறிவியுங்கள். ஓபன் ஸ்ட்ரீற் மப் என்றால் நீங்களே கீறலாம்.

17. வெளிநாட்டில இருந்து மாமா அனுப்பின இலக்கத்தைப் போட்டா 30 கிலோமீற்றர் தள்ளிக் காட்டுது.

அவர் 9 பாகை 40 கலை என்று அனுப்பியிருப்பார், நீங்கள் 9.40 என்று அடித்திருப்பீர்கள். ஒரு பாகைக்கு 60 கலை. ஆகவே 40 கலை என்பது 40ஐ 60ஆல் பிரித்த 0.667. சரியான எண் 9.667. ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர் என்பதால், 0.267 பாகைப் பிழை உங்களை 30 கிலோமீற்றர் தெற்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது. படகு ஜிபிஎஸ்ஸில் எழுதிவைத்த எண்களைப் போனில் போடும்போதும் இதே தவறு நடக்கும்.

தசமத்தில் அனுப்பும்போது ஐந்து தானம் போதும். ஐந்தாம் தானம் ஒரு மீற்றரளவு. எட்டுத் தானம் எழுதி அனுப்புவதால் போன் அந்தளவு துல்லியமாகிவிடாது.

18. கடற்கரையில நிக்கிறன், ஒரு அப் உயரம் மைனஸ் 95 எண்டுது. கடலுக்கடியிலயோ நிக்கிறன்?

போன் சரியாகத்தான் சொல்கிறது, அளக்கத் தொடங்கிய இடம்தான் வேறு. ஜிபிஎஸ் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து அளப்பதில்லை. கணக்குக்காக வகுத்த மழமழப்பான நீள்கோளம் ஒன்றிலிருந்து அளக்கிறது. ஈர்ப்பு எங்கும் ஒரே மாதிரி இல்லாததால் உண்மையான கடல்மட்டம் அந்தக் கோளத்துக்கு மேலும் கீழுமாக நெளிகிறது. அந்த நெளிவில் உலகத்திலேயே ஆழமான குழி, ஏறத்தாழ 106 மீற்றர், இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணமும் அந்தக் குழியின் சரிவில்தான், 90 மீற்றரிலும் கூடிய ஆழத்தில். திருத்தம் போடும் செயலிகள் இதைக் கழித்துவிட்டு 2, 3 மீற்றர் என்று காட்டும். போடாதவை திருத்தாத எண்ணையே காட்டும்.

19. பக்கத்து வளவுக்காரன் வேலியை அரக்கிப்போட்டான். போனில அளந்து காட்டலாமோ?

காட்டி வழக்கை வாங்காதீர்கள். வீட்டுக்காணிக் கணக்கில் ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 16 மீற்றர். திறந்த வெளியில் போனின் வழமையான பிழை 5 மீற்றர். ஒரே ஒரு பக்கம் 5 மீற்றர் தவறினாலும் 80 சதுர மீற்றர், 3 பேர்ச்சுக்கு மேல். வேலி அரக்கியது ஒரு முழமாக இருக்கும். மாவும் பனையும் நிற்கும் வளவில் பிழை இன்னும் கூடும்.

பழைய நில அளவைப் படங்களைப் போனின் எண்களோடு பொருத்திப் பார்ப்பதும் வீண். அவை கந்தவளை என்ற நில அளவைப் புள்ளியை அடியாகக் கொண்ட வேறொரு ஆள்கூற்று முறையில் வரைந்தவை. நேரே பொருத்தினால் நூறு மீற்றருக்கு மேல் விலகும். சதமமீற்றர் துல்லியம் நில அளவையாளரின் கருவியில்தான் உண்டு. உறுதியையும் பிளானையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள்.

20. எல்லாம் செய்து பாத்தாச்சு. டிஸ்ப்ளே மாத்தினாப் பிறகுதான் இந்தப் பிரச்சினை.

அப்படியென்றால் அலைவாங்கி. பல போன்களில் அது மேல் விளிம்பிலோ பின்மூடியிலோ இருக்கும். சின்ன உலோக வில்லுகள்தான் அதைப் பலகையோடு தொடுக்கின்றன. கழற்றிப் பூட்டும்போது ஒரு வில்லு வளைந்தாலோ, ஒரு ஸ்குரூ விடுபட்டாலோ தொடர்பு விட்டுப்போகும். சிம், வைஃபை எல்லாம் ஒழுங்காக இருக்க ஜிபிஎஸ் மட்டும் சாகும்.

சோதிப்பது எளிது. அன்ட்ரொயிட்டில் ஜிபிஎஸ் டெஸ்ற் மாதிரி ஒரு இலவசச் செயலியைப் போட்டு, வெட்டவெளியில் இரண்டு நிமிடம் பிடியுங்கள். ஒவ்வொரு செய்மதிக்கும் நேரே அதன் அலையின் வலிமையைக் காட்டும் ஒரு எண் வரும். 35 முதல் 45 வரை நாலைந்து செய்மதிகளாவது இருந்தால் உறுப்பு நலம், பிழை செற்றிங்ஸில். செய்மதிகள் பட்டியலில் தெரிந்தும் எல்லாம் 20ஐச் சுற்றியே நின்றால் அலைவாங்கித் தொடர்பு. காருக்குள் மட்டும் எண்கள் விழுந்தால் மலிவான சார்ஜரையும் டாஷ் கமராவையும் கழற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள், அவற்றின் மின் இரைச்சல் செய்மதி அலையை அமுக்கிவிடும். இந்தச் சோதனையைப் போன் திருத்தக் கொடுக்க முன் ஒருக்காச் செய்து திரையைப் படம் பிடித்து வையுங்கள். வாங்கும்போது கடைக்காரரோடு வாசலுக்கு வந்து, அதே சோதனையைத் திரும்பச் செய்து இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.